பச்சை அணியின் எண் 26

டிசம்பர் 6, சனி

மழை விடவில்லை. 4.50க்கு எழுந்தேன். காபி. இன்வெர்ட்டரில் இரண்டு புள்ளி, போதும். வீட்டுக்காரர் நேற்றே தஞ்சாவூர் போனவர், பயிருக்கு மருந்து வாங்க. மழையில் அங்கேயே தங்கை வீட்டில் தங்கிவிட்டார்.

ஆட்டம் 5.30க்கு. அங்கே வெள்ளி இரவு எட்டு மணி. கரீபியன் கடலில் ஒரு தீவு, அந்த நாட்டின் முதல்தரக் கால்பந்து லீக். நாட்டின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். டைரியிலும் 'தீவு' என்றே எழுதிப் பழகிவிட்டது. இதை யார் படிக்கப்போகிறார்கள், சுவர்ப் பல்லியைத் தவிர.

எனக்குப் பச்சை அணி. இது மூன்றாவது சீசன். ஒருவர் பந்தைத் தொட்டால் சட்டை எண், என்ன செய்தார், மைதானத்தில் எங்கே. மூன்று தட்டல். இப்படியே தொண்ணூறு நிமிடம். இந்தக் கணக்கை வெளிநாட்டுக் கிளப்புகள் வாங்கிப் பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன.

அந்த மைதானத்தில் ஒரே கேமரா, அதுவும் கூரை உச்சியில். முகம் தெரியாது. எண்ணும் பாதி நேரம் தெரியாது. நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், தூரத்து வரப்பில் வருகிற ஆளைக் கண்டுபிடிப்பதுபோல. எண் 8 இடது தோளை இறக்கி ஓடுவார். வயது முப்பத்து மூன்று. எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்குவதே வேலை. எண் 26க்கு இருபத்தேழு. இந்த சீசனில் ஒரு நிமிடம்கூட ஆட விடவில்லை. ஆட்டம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருப்பார். கூப்பிட மாட்டார்கள். குதிகால் தரையில் படாமல் ஓடுவார், சுடுமணலில் ஓடுகிற மாதிரி.

மு.பா. (முதல் பாதி): 0-0. 43ஆம் நிமிடம் 8க்கு மூக்கில் முழங்கை இடி. ரத்தம்.

இடைவேளை. பக்கத்து வயல் கோவிந்தராசு அண்ணன் வாசலில்.

"தங்கச்சி, வரப்பு ஒடையப்போவுது. எங்க அவரு?"

"தஞ்சாவூர்ல இருக்காங்கண்ணே."

"அப்ப நீயாவது வா. இன்னும் அரமணி நேரம் தாங்காது."

மண்வெட்டியோடு கொல்லைப்பக்கம் ஓடினேன். இருவரும் வடிகால் பக்கம் வெட்டிவிட்டோம். தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கியது. கதிர் உள்ளே திரண்டு பயிர் பொதி கட்டுகிற நேரம், இரண்டு நாள் மூழ்கினால் அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது இ.பா. (இரண்டாம் பாதி) தொடங்கி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. காலில் சேறோடு உட்கார்ந்தேன். 8ஐக் காணோம். 26 ஆடுகிறார். 'மாற்றம்: 8 வெளியே, 26 உள்ளே, 45ஆம் நிமிடம்.' விட்டுப்போன ஏழு நிமிடத்தைப் பிறகு சத்தம் இல்லாமல் வேகமாக ஓட்டிப் பதிந்தேன்.

26 பிரமாதம். பந்தை மீட்டது பதினான்கு முறை. தோளை இறக்கி ஓடுவதுகூட அச்சு அசல் 8. கூடவே இருந்து பழகிவிட்டார் போலிருக்கிறது. சந்தேகம் வந்ததா? வந்தது. ஆனால் சட்டையில் எண் பளிச்சென்று தெரிந்தது. எண் தெரிந்தால் எண்தான், அதுதான் விதி.

பச்சை 1, மஞ்சள் 0. எனக்கு என்ன வந்தது? ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

தூறல். அவர் வந்துவிட்டார். வரப்பைப் பார்த்துவிட்டு, "யாரு வெட்டுனது? ஆறு மாதிரில்ல வெட்டி வச்சிருக்கு" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் செய்வது. இட்லி அரிசி. சித்திக்கு போன். எலிப்பொறி. வலது மணிக்கட்டுக்குத் தைலம்.

ஐந்தில் இரண்டு செய்தேன். எவை என்று எழுத மாட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. அதுவே செய்தி என்று நினைத்திருந்தேன், பதினொரு மணி வரை.

சென்னை ஆபீசிலிருந்து பிரியா. எனக்கு மேலதிகாரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"கலா மேடம், சூப்பர் நியூஸ். உங்க 26ஐ ஒரு கிளப் ட்ரையலுக்குக் கூப்பிட்டிருக்கு. ஐரோப்பாவுல. பத்து நாள் ஆட வெச்சுப் பார்ப்பாங்க, டிக்கெட் அவங்களே. நீங்க போட்ட டேட்டா பார்த்துட்டுத்தான்."

"என் டேட்டாவா?"

"ஆமா மேடம். லெட்டர் போயிருச்சாம். அந்த நாப்பத்தஞ்சு நிமிஷத்துல அவர் வர்ற இடமெல்லாம் வெட்டி அனுப்பணும், அவ்ளோதான்."

வெட்ட உட்கார்ந்தேன். இந்த முறை சத்தத்தோடு.

இ.பா. தொடங்கியவுடனே வர்ணனையாளர் சொல்கிறார். 8இன் சட்டை முழுக்க ரத்தம், மாற்றுச் சட்டை இல்லை, அதனால் 26இன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட நடுவர் அனுமதித்திருக்கிறார். கோட்டோரம் பார்த்தால் தெரிகிறது. குதிகால் படாமல் நடந்து வருகிறவர் தன் சட்டையைக் கழற்றித் தோள் இறங்கியவரிடம் கொடுக்கிறார். அதன்பிறகு வெறும் பனியனோடு பெஞ்சில்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பதினான்கும் 8 செய்தது. 26 அன்றைக்கும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

வெளியாள் யாருக்கும் தெரியாது. வீடியோவில் சட்டை 26, கணக்கிலும் 26. எனக்கு மட்டும் தெரியும்.

சீசனில் மூன்று பெரிய பிழை வந்தால் லீக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. பிரியாவிடம் நெட் இல்லை என்று பொய் சொன்னேன்.

டிசம்பர் 12, வெள்ளி

அவரிடம் சொன்னேன். கயிறு திரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த எட்டாம் நம்பரு உனக்கு மாமனா, மச்சானா? வுட்டுத் தள்ளு."

"தப்பா எழுதிட்டேங்க. அவர் செஞ்சது இன்னொருத்தர் பேர்ல இருக்கு."

கயிறு நின்றது. போன வருடம் வெள்ளச் சேதம் எழுத வந்தபோது நடந்தது இருவருக்கும் நினைவுக்கு வந்தது. குத்தகை நிலம். சேற்றில் நின்றவர் இவர். பட்டா சென்னையில் இருக்கிறவர் பேரில், அதனால் நிவாரணப் பட்டியலிலும் சென்னைக்காரர் பேர்.

"பாடுபட்டவன் பேர்லயே எழுதிடு" என்றார். "அப்புறம் வர்றது வரட்டும்."

இ.பா. முழுவதையும் மறுபடி பதிந்தேன். மூன்றரை மணி நேரம். 26இல் இருந்ததை எல்லாம் 8க்கு மாற்றினேன். 26: நிமிடம் 0, மீட்டது 0. பிழை என்னுடையது, நான் இடத்தில் இல்லை என்று தெளிவாக எழுதினேன். தலைப்பில் 'அவசரம்'. 4.10க்கு அனுப்பினேன்.

நிம்மதி. கொஞ்சம் பெருமையும்தான். சாயங்காலம் பஜ்ஜி போட்டேன்.

டிசம்பர் 13, சனி

பனி. 5.20க்கே படம் வந்துவிட்டது. இன்றைக்குக் கேமராவை யாரோ கீழே இறக்கிக் கோட்டோரம் பிடித்தார்கள்.

26 கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். குளிர் தேசத்துக் கோட்டு, முழங்கால் வரை, பஞ்சு அடைத்தது. யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும். கீழே அரைக்கால் சட்டை, ஆட்டத்துக்கான காலணி. அங்கே எப்படிப் புழுங்கும் என்று எனக்குத் தெரியும், எல்லார் சட்டையும் எப்போதும் நனைந்து உடம்போடு ஒட்டியேதான் இருக்கும். வருகிறவர் போகிறவரெல்லாம் அவர் தலையில் தட்டிவிட்டுப் போகிறார்கள். புதிதாக முடி வெட்டியிருக்கிறார். ட்ரையலுக்கு அழைப்பு வந்த விஷயத்தை வர்ணனையாளர் மூன்று தடவை சொல்லிவிட்டார். கைதட்டல்.

அப்போது 8 வந்தார். அந்தக் கோட்டுக்குக் கீழிருந்து மேலே ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார். கழுத்துப் பொத்தான் வரை. பிறகு தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார்.

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர்களுக்கு எல்லாம் தெரியும். அன்று யார் ஆடியது என்று அந்த மைதானத்தில் தெரியாதவரே இல்லை. 8க்குத் தெரியாதா, தான் எடுத்த பந்து எது என்று? எந்த ஆட்டத்தைப் பார்த்து அழைத்தார்கள் என்று கடிதத்திலேயே இருந்திருக்கும். தெரிந்தேதான் யாரும் வாய் திறக்கவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, இவராவது போகட்டும் என்று.

நான்தான் திறந்தேன். பத்தாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமல்.

7.25க்குப் பிரியாவுக்கு போன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. சனி, ஞாயிறு எடுக்க மாட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

வானம் மூட்டம். பிரியா 10.05க்கு.

"அந்தத் திருத்தத்தை நிறுத்த முடியுமா பிரியா?"

"ஏத்தியாச்சே மேடம். அவசரம்னு நீங்கதானே போட்டீங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரமே கிளப்புக்கும் அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"26 வேணாம்னுட்டாங்க. ஒரு நிமிஷம்கூட ஆடாதவரை எப்படி மேடம் கூப்பிடுவாங்க?"

"அப்ப 8?"

"முப்பத்து மூணு வயசு. பார்க்கவே மாட்டாங்க. அப்புறம், இது உங்களுக்கு ரெண்டாவது பிழை மேடம். ஆனா நீங்களே சொன்னீங்கன்னு நோட் போட்டிருக்கேன்."

வீட்டில் அவரிடம் சொன்னதும், "நீ சரியாத்தான செஞ்ச" என்றார். சரியாகத்தான் செய்தேன். என்மேல் எனக்கே கோபமாக வருகிறது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டேன், தெரிந்தேதான்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி 2. கோயில் ஒலிபெருக்கி 4.30க்கு. தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது. பயிர் தலை தூக்கிவிட்டது, ஓரத்தில் மட்டும் அழுகல். கோவிந்தராசு அண்ணன்: "தப்பிச்சுது தங்கச்சி. அன்னிக்கு நீ வரலன்னா போயிருக்கும்."

அன்றைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் வர்ணனையாளர் சொன்னதைக் கேட்டிருப்பேன். பயிர் போயிருக்கும். அந்த மனுஷன் கோட்டு இரவல் வாங்கியிருக்க மாட்டார்.

கேஸ் வந்தது.

டிசம்பர் 20, சனி

பனி, பாட்டு, கொசு. ஜன்னலைச் சாத்தியும் ஒலிபெருக்கி உள்ளே வருகிறது. ஹெட்போனை அழுத்திப் போட்டுக்கொண்டேன்.

கேமரா மறுபடி கூரை உச்சியில். பச்சை அணி, எதிரணி வெள்ளை. 26 பெஞ்சில். கோட்டு இல்லை. யாரும் தலையில் தட்டவில்லை. பதினைந்தாம் நிமிடம் எழுந்து வழக்கம்போலக் கோட்டோரம் ஓடத் தொடங்கினார். பார்க்கத் தாளவில்லை. பார்ப்பதுதான் என் வேலை.

மு.பா. 0-0.

51: 8 கீழே விழுந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டார். எழுந்து நொண்டினார், இடது காலை. நாலு அடி போனதும் நினைவு வந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டார். மூன்று சீசனாக அவர் நடையைப் பார்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. அவரே கையை நீட்டி 26ஐக் காட்டினார். பயிற்சியாளர் தலையை ஆட்டி மறுத்தார். 8 அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லை.

53: மாற்றம். 8 வெளியே, 26 உள்ளே. கோட்டில் 8 அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். எனக்கே வலித்தது.

திரையில் பெட்டி. காரணம்: காயம் / உத்தி. பார்த்ததை மட்டுமே போட வேண்டும். 'காயம்' என்று போட்டேன். யாராவது கண்டுபிடித்து மூன்றாவது பிழை என்றால், சரி, லீக்கை எடுத்துக்கொள்ளட்டும்.

54: 26, தவறான பாஸ்.
57: 26, பந்து இழப்பு.
58: 26, பந்து இழப்பு. கூட்டத்தில் முனகல்.
66: 26, பந்தை மீட்டது.

மார்கழி பஜனை முடிந்து வந்த வீட்டுக்காரர் ஊதின சங்கை வாசலில் வைத்துவிட்டு, "அழுவுறியா என்ன?" என்றார். "கொசுவத்திப் புகை" என்றேன். கொசுவத்தி ஏற்றவில்லை.

இறுதி: 0-0. 26, முப்பத்தேழு நிமிடம். மீட்டது ஐந்து. இழந்தது ஒன்பது. ஒன்றைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அனுப்பும் முன் குறிப்புப் பெட்டி. எப்போதும் காலியாகவே விடுவேன். இன்று எழுதினேன்: 'எண் 26. சட்டையும் ஆளும் ஒன்றே. நடையைப் பார்த்து உறுதிசெய்தேன்.'