துரையின் கோட்டையில் ஒரு கிணறு

போடிநாயக்கனூர்,
1-10-1953

தம்பி கலீபுல்லாவுக்கு,

நானும் உன் மதினி கருப்பம்மாளும் சுகம். உன் எஸ்டேட் துரை ஈயச் சிப்பாய்களை வைத்துச் சண்டை விளையாடக் கேட்ட பாலைவனக் கோட்டையை ஜீப்பில் அனுப்பியிருக்கிறேன். ஏலக்காய்ப் பெட்டிப் பலகை, மேலே சுண்ணாம்பும் ஆற்று மணலும். கூரைகளைத் தூக்கிவிட்டு உள்ளே சிப்பாய்களை நிறுத்தலாம்.

முற்றத்தில் ஒரு கிணறு உண்டு. தான் கொடுத்தனுப்பிய படத்தில் இல்லையே என்று துரை கேட்டால், படம் போட்டவன் லிபியாவைப் பார்த்ததில்லை, வீரையா பட்டாளத்தில் பார்த்தவன் என்று சொல்.

ஜீப்புக்காரன், "பெரியவரே, இம்புட்டு வயசுல சொப்புச்சாமானா?" என்று சிரித்தான். "மேட்டுல கோட்டை சாஞ்சுச்சுன்னா, ஒன்னையச் சாச்சுருவேன்" என்றேன்.

வீரையா

*

குரங்கணி மேல் எஸ்டேட்,
26-10-1953

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். கோட்டை சேதமில்லாமல் வந்தது. துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

துரையும் டாக்டர் துரையும் ஆடும் ஆட்டத்தில் ஒரு விதி. கிணறு இல்லாத கோட்டை ஏழாம் சுற்றில் தாகத்தால் சரணடைய வேண்டும். கிணறு இருந்ததால் கோட்டைப் பக்கம் ஆடிய டாக்டர் துரை அசையவில்லை. வெளியே முற்றுகையிட்ட நம் துரை இரண்டு ஞாயிறு தோற்றார். என்னைக் கூப்பிட்டு, "ரைட்டர், கெணறு மூடு. இல்லே, கோட்டை அடுப்புக்கு" என்றார்.

உங்களைக் கேட்டால் முடியாது என்பீர்கள். அதனால் நானே சுண்ணாம்பு குழைத்து மூடிவிட்டேன். நேற்று துரை ஜெயித்தார். கோட்டை பிழைத்தது. கோபிக்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
கலீபுல்லா

*

போடிநாயக்கனூர்,
29-10-1953

கலீபுல்லாவுக்கு,

அடுப்புக்கே போயிருக்கலாம்.

லிபியாவில் இதே மாதிரிக் கோட்டையில் இருந்தோம். ஓடிப்போன எதிரி கிணற்றைக் கல்போட்டு மூடியிருந்தான். தோண்டும் உத்தரவு எனக்கு. இரண்டு நாள் தோண்டியும் ஈரம் தட்டவில்லை. மூன்றாம் நாள் என்னோடு இருந்த சிப்பாய், சிலமலை ஊர்ப் பால்பாண்டி, "அண்ணே, நான் போயித் தண்ணி கொண்டாறேன்" என்று வெளியே போனான். மறுநாள் மணலில் கிடந்தான். உடம்பில் ஒரு காயமும் இல்லை, தாகத்தில் செத்திருந்தான்.

அவன் ஆத்தா இருளம்மாளிடம் குண்டடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். பத்து வருஷமாக அந்தப் பொய்தான். என்னால் கிணறில்லாத கோட்டை செய்ய முடியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. இனி எனக்கு எழுதாதே.

வீரையா

*

குரங்கணி மேல் எஸ்டேட்,
2-11-1953

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

சனிக்கிழமை கிணற்றைத் தோண்டித் திறந்துவிட்டேன். நேற்று ஏழாம் சுற்றில்தான் துரை கவனித்தார். யார் திறந்தது என்றார். நான்தான் என்றேன். "கோட்டை வேணாம், நீயும் மேசை கிட்ட வராதே" என்றார். வேலை போகவில்லை; போனாலும் சரிதான்.

வருகிற சனிக்கிழமை ஜீப்பில் கோட்டையைக் கொண்டு வருகிறேன். என்னை உள்ளே விடாவிட்டாலும் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கலீபுல்லா

*

போடிநாயக்கனூர்,
4-11-1953

கலீபுல்லாவுக்கு,

கோட்டையைக் கருப்பம்மாளிடம் கொடு. நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

உனக்கு எழுதியதை இருளம்மாளிடம் இன்னும் மறைப்பது நியாயமில்லை. சனிக்கிழமை சிலமலைக்குப் போகிறேன். நேற்றும் கிளம்பினேன், பஸ்சை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டேன்.

கோட்டையை இறக்கிவிட்டு வெரசாகச் சிலமலைக்கு வா. உன்மேல் கோபம் தீரவில்லை. நீ எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திரு.

வீரையா