தோளுக்கு மேல் போன பந்து

அலமாரியைத் துடைக்கும்போது நம் காலுறைப் பந்து கிடைத்தது. கந்தலைத் திணித்து நீ தைத்தது. முகர்ந்து பார்த்தேன். தேயிலைக் கொழுந்துக் கறையின் வாசம் போகவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

நம் பள்ளி சாப்ட்பால் அணியில் நீ வீசுவாய், நான் பிடிப்பேன். பள்ளிப் பந்தை வீட்டுக்குத் தரமாட்டார்கள். சாயங்காலம் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இந்தப் பந்துதான். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து மணிக்கட்டை மட்டும் சுண்டிச் சுண்டிப் பழகுவாய். சாப்ட்பாலில் கையைக் கீழாகவே வீசி, அது இடுப்பைக் கடக்கும்போது மணிக்கட்டு முன்னால் சுண்ட வேண்டும். பந்து விரல் நுனியிலிருந்து உருண்டு போக வேண்டும். உன் கையோ தோளைத் தேடிப் போகும். லீவு நாளில் அம்மாவோடு கொழுந்து பறித்து, தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் எறிந்து பழகிய கை. பந்து பிந்தி விடுபட்டு என் தலையைத் தாண்டிவிடும்.

"ஏட்டி, நான் பந்து புடிக்கவா, தேயிலைக்குள்ள தேடவா?"

"கை என் பேச்சக் கேக்க மாட்டேங்கு. அதுக்கு முதுகுலதான் கூடை இருக்கு."

மறுநாள் உன் அம்மாவின் கூடையை என் முன்னால் வைத்தேன். "இதுல போடு." பந்து கூடைக்குள் விழத் தொடங்கியது.

தேவிகுளம் மைதானத்தில் தேர்வு. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் நீ மேலே படிக்கலாம். இல்லையென்றால் அம்மாவோடு கொழுந்துக்குத்தான். முதல் பந்து மேலே போனது. அடுத்ததும் போனது.

"மோளே, பந்து ஆகாசத்திலேக்கோ?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார் தேர்வாளர். நீ உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் குத்தவைத்து, கையுறையைச் சுற்றி இரு கைகளையும் வளைத்தேன்.

"நான்தாம்ட்டி கூடை. போடு."

மணிக்கட்டு சுண்டியது. கையுறைக்குள் உள்ளங்கை எரிந்தது. அதன்பின் ஒன்றுகூடத் தவறவில்லை.

நீ விடுதிக்குப் போனாய். நான் ஆசிரியை ஆனேன். ஒரு பிள்ளை கணக்கைத் தலைகீழாகப் போட்டால், இந்தக் கை எங்கே பழகியது என்றுதான் முதலில் பார்ப்பேன். பிறகு அதன் எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து, "கூடை, வந்துட்டியாட்டி?" என்றாய். அந்தத் தேர்வு நாளிலிருந்து நீ என்னை வேறு பெயரில் அழைத்ததே இல்லை.

அந்தப் பெயர் இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு, கைகளை வளைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.