புயலுக்குள் கேட்ட குரல்

தம்பி,

புயல் நெருங்கியதிலிருந்து இணைய வானிலைக் குழுவிலேயே கிடந்தேன். 'மழைக்காக்கா' என்ற புனைபெயரில் ஒருவர் கடலோரத்திலிருந்து காற்றின் போக்கை எழுதி, பயந்தவர்களைச் சிரிக்க வைத்தார். நானும் மாதக்கணக்கில் அவரோடு எழுத்திலேயே வாயடித்திருக்கிறேன்.

நேற்று மாலை அவர் போட்ட வீடியோவில் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. "ஐயய்யோ, எங்கக்கா பார்த்தா என்னைத் தொலைச்சிருவா!"

உன் குரல். என்னோடு சண்டை போட்டு நீ எழுந்து போனதிலிருந்து எந்த ஊரில் இருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாதே!

பிறகு பதிவே இல்லை. குழுவே உன்னைத் தேடியது. உன் அக்கா என்று சொல்லிக்கொள்ளாமலே நானும் தேடினேன்.

காலையில் ஒரு நர்ஸ், "மழைக்காக்கா முகாம்ல இருக்கார், கால்ல மட்டும் அடி" என்று எழுதினார். படித்த கையோடு இதை எழுதுகிறேன்.

அந்த நர்ஸிடம் இடம் கேட்டுவிட்டேன்; நாளை வருகிறேன். இந்தத் தடவையும் எழுந்து போய்விடாதே.

உன் அக்கா