நீ உன்னுடையது என்று சொன்ன ஆட்டம்

எதிர்வீட்டுப் பெண் பள்ளிக்கூட வேலைக்காக அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். மைதாப் பசை காய்கிற வாசம் என் கூடம்வரை வந்தது. நீ செத்து நாற்பது நாள் ஆகிறது. ஒரு சொட்டுக்கூட அழாத நான், அந்த வாசத்தில் கோபம் வந்து கதவை அறைந்து சாத்தினேன்.

எண்பதுகளின் நடுவில், மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரே பள்ளியில் வேலை, ஒரே அறையில் குடியிருப்பு நமக்கு. கீழே டவுன் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, மலைப் பிள்ளைகளையும் ஜீப்பில் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார்கள். பார்ப்பதற்குள் அதன் பாகங்களின் பெயர்களாவது தெரியட்டும் என்று நான் ஒரு தேடும் ஆட்டம் கட்டினேன். பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையில் கேள்விகளை ஒட்டி, வகுப்பெங்கும் ஒளித்தேன். ‘வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருவது எது?’ என்ற அட்டை கிடைத்தால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி, “இன்புட்!” என்று கத்துவார்கள். ரப்பர் ஸ்டாம்பு பிரிண்டர். வருகைப் பதிவேடு மெமரி. நீ வாசலில் நின்று, “இன்னாடி மல்லிகா இது, பைத்தியமா உனக்கு?” என்று சிரித்தாய்.

நான் டைபாய்டில் ஊருக்குப் போயிருந்த வாரம் கல்வி அதிகாரி வந்தார். நீ அந்த ஆட்டத்தை நடத்திக் காட்டி, “நானே யோசிச்சு செஞ்சது சார்” என்றாய். டவுனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலை உனக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. திரும்பி வந்து கேட்டேன். “யார் பேர்ல போனா இன்னா? புள்ளைங்களுக்குத்தானே” என்றாய்.

நான் சண்டை போடவில்லை. அந்த வேலைக்காக டவுனில் ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் நீ பாடம் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகளையும் அட்டைகளையும் கொண்டுவரும் வேலையை என்னிடமே விட்டாய். புதிய அட்டைகள் எழுதி ஒரு வாரம் பிள்ளைகளோடு ஆடினேன். விடைகளைச் சொல்லாமல் அவற்றையே உன் கையில் கொடுத்தேன்.

‘கரண்ட் போனால் மறந்துபோவது எது, போனாலும் மறக்காதது எது?’ என்று படித்தாய். ஏழாம் வகுப்புக் காளியம்மா ஓடிப்போய்க் கரும்பலகையில் இருந்த சாக்பீஸ் எழுத்தையும், சுவரில் பெயிண்டில் எழுதியிருந்த பள்ளியின் பெயரையும் தொட்டாள். அதிகாரி உன்னிடம், “விளக்குங்க டீச்சர்” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“சாக்பீஸ் அழிஞ்சிடும், அது ராம் மெமரி. பெயிண்ட் அழியாது, அது ரோம் மெமரி சார்” என்றாள் காளியம்மா. “இவங்களுக்குத் தெரியாது. இது மல்லிகா டீச்சர் ஆட்டங்க.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த வேலை உனக்குக் கிடைக்கவில்லை, எனக்கும்தான்.

ஜீப்பில் மலையேறும்போது, “ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி” என்றாய்.

“நீயும்தான்” என்றேன்.

நாம் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. மறுவருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய்.

உன் சாவுக்கு வந்திருந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்து, “நீங்க அம்மாவோட ஃப்ரெண்டா?” என்று கேட்டாள். “கூட வேலை பார்த்தேம்மா” என்றேன். உன் முகத்தைப் பார்த்தபோது, ஒரே தட்டில் நாம் சாமைச் சோறு தின்றது நினைவுக்கு வரவில்லை. அத்தனை பேர் நடுவில் என்னைத் தேடிய உன் கண்கள்தான் வந்தன. மனம் நொந்த நாட்களிலெல்லாம் அவற்றை நினைத்துத்தான் தெம்பாகியிருக்கிறேன். இப்போதும் அது இனிக்கிறது. என்னிடம் மன்னிப்புக் கேட்க நீ இல்லை. கேட்டிருந்தாலும் நான் தந்திருக்க மாட்டேன்.