நான்காவது சுற்றில் ஒரு தூண்டில்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிஃப்ட். குடோனில் இன்று வந்ததெல்லாம் கனமான பெட்டிகள். வீட்டுக்கு வந்து பேஸ் கிட்டாரை மடியில் வைத்தால் முன்கை மரக்கட்டை மாதிரி கிடக்கிறது. விரல் ஓடவில்லை, உழுகிறது.

பிரச்சினை மோதிர விரல்தான். எங்கள் பாட்டுகளின் வேகத்துக்கு இரண்டு விரல் போதாது என்று மூன்றால் வாசிக்கிறேன். மோதிரம், நடு, ஆள்காட்டி. ஆனால் தாளம் நான்கு நான்காக ஓடுகிறது, விரலோ மூன்று. ஒவ்வொரு நான்கின் தலையிலும் வேறு விரல் வந்து விழும். மோதிர விரல் விழும் இடத்திலெல்லாம் சத்தத்தில் ஒரு குழி. குதிரை ஓடவேண்டிய இடத்தில் நொண்டி ஓடுகிறது.

ஆம்ப் இல்லாமல், தாளம் தட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து அதே நான்கைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. அக்கா குரல்:

"டேய், எவ்வளவு நேரமா ஒரே ஊசிக்கு நூல் கோத்துட்டே இருக்கே. எப்பதான்டா தைப்பே?"

மார்ச் 9, ஞாயிறு

துரை வீட்டில் ஒத்திகை. துரை என்பது நான் வைத்த பெயர். அவன் எதிரிலேயே கூப்பிடுகிறேன், சிரித்துக்கொள்கிறான். கிட்டாரும் பாட்டும் அவன். டிரம்ஸ் வாசிப்பவன் இடி, அதுவும் நான் வைத்த பெயர்தான். பேஸ் நான். மூன்று பேர்தான் பேண்ட். அறை, மைக், கம்ப்யூட்டர் எல்லாம் துரையுடையது, அதாவது அவன் அப்பாவுடையது. மாடிக்கு ஏறும்போது செருப்பை எங்கே விடுவது என்று எனக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

நான் கதவைத் திறந்தேன். துரை பட்டென்று லேப்டாப்பை மூடினான்.

ஆனால் பார்த்துவிட்டேன். "பேஸ்" என்று எழுதிய வரிசை. அதில் பச்சைப் பச்சையாகச் செங்கல் அடுக்கியிருந்தது. ஆள் வாசித்துப் பதிந்தால் திரையில் அலை அலையாகத் தெரியும். கம்ப்யூட்டரை வாசிக்க வைத்தால்தான் செங்கல் செங்கலாகத் தெரியும். இது எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறான்.

மார்ச் 10

எனக்குப் பதில் செங்கலா?

மார்ச் 13, வியாழன்

கோபத்தில் எழுதுகிறேன்.

கண்ணாடியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். என் வரிசையில் நிற்பவன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், யார் பெட்டி விழுந்தாலும் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பவன். பார்சல் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வாய் கிழிந்த பார்சல் ஒன்று கிடந்திருக்கிறது. உள்ளே புது ஃபோன். எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டான். டெஸ்க்கில் கொடுக்கத்தான். போகிற வழியில் ஒரு லாரி வந்தது, இறக்கக் கூப்பிட்டார்கள், இறக்கினான், மறந்தான். வாசல் கேட்டில் தடவிச் சோதிக்கும்போது பிடித்துவிட்டார்கள்.

அது கிழிந்த பார்சலே இல்லை. அவர்களே கிழித்து அவர்களே வைத்தது. இதற்குக் குடோனில் பெயரே உண்டு: தூண்டில். யார் கொத்துகிறார்கள் என்று மேலே கேமராவில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"குடுக்கத்தான் சார் வச்சிருந்தேன்" என்று அவன் சொல்லச் சொல்ல, சூப்பர்வைசர் சொன்னது: "குடுக்கறவன் அப்பவே குடுத்திருப்பான்."

நாள் முழுக்க எங்கள் பையைத் தடவுகிறவர்கள், நாங்கள் கழிவறைக்குப் போவதைக்கூட ஸ்கேனரில் அளக்கிறவர்கள், ஒருத்தன் யோக்கியனா என்று பார்க்க ஒரு பொய்யைத் தயார் செய்து தரையில் போடுகிறார்கள். இதில் யார் அயோக்கியன்?

சாயங்காலம் இடியிடம் கத்தித் தீர்த்தேன். 

மார்ச் 16, ஞாயிறு

ஒத்திகை முடிந்து இடியோடு நடந்து வந்தேன். செங்கல் விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டு எழுதறப்போ போட்டுப் பார்த்திருப்பான்டா. எல்லாரும் பண்றதுதானே."

"அப்போ ஏன் மூடினான்?"

"உன்னைப் பார்த்தா எல்லாரும் எதையாவது மூடத்தான் செய்வாங்க. உன் மூஞ்சி அப்படி."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவனுக்கும் தெரியுமோ?

துரை போன மாதம் யாரிடமோ ஃபோனில் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது: "இந்த மியூசிக்ல பேஸ் யாருக்குங்க தனியா கேக்கும்?" அப்போது எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். ஒரே கிட்டாரை மூன்று முறை பதிந்து அடுக்கி, இரட்டைப் பெடல் டிரம்ஸ் போட்டு அமுக்கினால் கேட்காதுதான். கீழ்வீட்டுக்காரன் மேல்வீட்டுக்காரனுக்குக் கேட்கிறானா?

மார்ச் 20, வியாழன்

ஒன்று பிடிபட்டது. எழுதி வைக்கிறேன்.

இன்று கை அப்படி ஓய்ந்திருந்தது. அழுத்தி அடிக்க வலு இல்லை. சும்மா தடவுகிற மாதிரி வாசித்து, ஆம்ப் சத்தத்தைக் கூட்டினேன். விரல் பறந்தது! இத்தனை நாள் பெட்டி தூக்குகிற பலத்தில் கம்பியை இழுத்திருக்கிறேன். இழுத்த கம்பி ஆடி அடங்குவதற்குள் அடுத்த விரல் எப்படி இறங்கும்? மெல்லத் தொட்டால் கம்பி இடத்திலேயே நிற்கிறது. கையைப் பிரிட்ஜ் பக்கம், கம்பிகள் முடிகிற கட்டைப் பக்கம், தள்ளினால் இன்னும் நல்லது, அங்கே கம்பி விறைப்பு. கட்டைவிரலை ஓரிடத்தில் ஊன்றவே கூடாது. மேல் கம்பிகளின் மீது படுத்தபடி கூடவே நகர்ந்தால் தேவையில்லாத இரைச்சலும் அடங்குகிறது. அதிர்வு சீக்கிரம் அடங்க, கம்பிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன்.

அக்கா வந்து பார்த்தாள். "என் ஸ்பாஞ்சு எங்கேன்னு தேடினா, துரைமார் கச்சேரியில இருக்கு."

மோதிர விரல் குழி இன்னும் இருக்கிறது. ஆழம் கொஞ்சம் குறைவு.

மார்ச் 27, வியாழன்

பாட்டுப் பதிவு நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என் பேஸ் முறை. முதல் பாட்டின் நடுவில் கிட்டார் நின்றுவிடும். பேஸும் டிரம்ஸும் மட்டும் நான்கு சுற்று. முழுப் பாட்டிலும் நான் தனியாகக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். அங்கேயும் செங்கல் வைத்தால்?

கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவான். கேட்டுப் பயனில்லை. தெரிந்துகொள்ள வழி ஒன்று இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

வாசித்தேன். மூன்று சுற்று சுத்தம். நான்காவதில், கடைசி இறக்கத்தில், ஒரே ஒரு நோட்டை, ஒரு ஸ்வரத்தை, வேண்டுமென்றே ஒரு ஃப்ரெட் தள்ளி, பக்கத்துக் கட்டத்தில் போட்டேன். அந்த வேகத்தில் கேட்கிறவனுக்கு ஒரு சின்ன முள் உறுத்தினாற்போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கே என்று எனக்குத் தெரியும். பாட்டு வெளிவரும்போது அந்த முள் இருந்தால் நான். இல்லாவிட்டால் செங்கல்.

துரை ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "சூப்பர்டா. ஒரே டேக்ல முடிச்சிட்டியே!" என்றான்.

முள் குத்தியதாக முகத்தில் அடையாளமே இல்லை. காதே கொடுக்கவில்லை! எப்படிக் கொடுப்பான், இதைத்தான் தூக்கிப் போடப்போகிறானே.

ஏப்ரல் 5

ஒன்றும் வரவில்லை. "மிக்ஸ் போயிட்டிருக்கு" என்கிறான்.

ஏப்ரல் 12, சனி

வந்தது. துரை ஃபோனுக்கு அனுப்பிய மிக்ஸைக் குடோன் கழிவறையில் நின்று கேட்டேன்.

இல்ல. முள் இல்ல. நாலாவது சுத்து பளிங்கு மாதிரி ஓடுது. திரும்பக் கேட்டேன். இல்ல. அது மட்டுமா, மோதிர விரல் குழியும் இல்ல! ஒண்ணுகூட இல்ல. பல்லு வச்ச சீப்பு மாதிரி அத்தனையும் ஒரே சீரு. இது மனுஷன் கையா? ஒவ்வொரு நாளும் பெட்டி தூக்கிட்டு வந்து விரல் வீங்க வீங்க வாசிச்சேனே, எதுக்கு? இவன் மாடியில உக்காந்து மவுஸால செங்கல் அடுக்கறதுக்கா? பேரு மட்டும் என்னோடது. போட்டோவுல நான் நிக்கணும், கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு.

சந்தேகம் சந்தேகம்னு இடி சிரிச்சானே. இப்போ சிரிக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். செருப்போடு மாடி ஏறினேன்.

"நாலாவது சுத்துல நான் வச்ச நோட் எங்கே?" என்று கேட்டேன்.

"எந்த நோட்?"

எந்த நோட் என்று சொன்னேன். ஏன் வைத்தேன் என்றும் சொன்னேன். துரைக்கு முகம் செத்துப்போயிற்று.

"வேணும்னேவா வாசிச்சே?"

"ஆமா."

"வேணும்னேவா?" என்று மறுபடியும் கேட்டான். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, கேட்டில் எத்தனை பார்த்திருக்கிறேன். இடி மூலையில் குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இல்லடா, உன்கிட்ட சொல்லணும்னுதான்..." என்று துரை ஆரம்பித்தான்.

"சொல்றவன் அப்பவே சொல்லியிருப்பான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவனைப் பேச விடவில்லை. நான்தான் பேசினேன். அவன் அப்பா, அவன் வீடு, அவன் தரைவிரிப்பு, எதையும் விடவில்லை. நான் பேண்டில் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நன்றாக இருந்தது. தெருமுனை வரைக்கும் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 15

பேஸைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. அக்கா ஸ்பாஞ்சைக் கேட்கவில்லை. மெஷினை மிதிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 19, சனி

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரில் இடி. ஃபோனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்று நேராக வந்துவிட்டான். டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தான்.

"அவன் அதைச் சரி பண்ணப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். மூணாவது சுத்துல நீ சரியா வாசிச்சியே, அதுலேர்ந்து அந்த ஒரு நோட்டை வெட்டி நாலாவதுல ஒட்டினான். அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீ."

"பொய்."

"அன்னிக்கே அவனுக்குக் கேட்டுச்சு. 'பாவம்டா, கை தவறிடுச்சு. ஷிஃப்ட் முடிச்சு வந்து வாசிக்கிறான், இன்னொரு டேக் கேட்டா மனசு கஷ்டப்படுவான், சொல்லாதே'ன்னான். நான் சொல்லல."

"அப்போ அந்தச் செங்கல்?"

"உனக்கு லீவ் கிடைக்கலன்னா என்ன பண்றதுன்னு பயந்து போட்டு வச்சான். ஆமா, போட்டான். உனக்குத் தெரியக்கூடாதுன்னு மூடவும் செஞ்சான். நீ வாசிச்ச அன்னிக்கே அழிச்சிட்டான்."

"இதை ஏன் அவன் வாயால சொல்லல?"

"எங்கே சொல்ல விட்டே? நீ தீர்ப்பை எழுதி எடுத்துக்கிட்டுல்ல மாடி ஏறுனே?"

டீ ஆறிப்போயிற்று. இடி கேட்டைப் பார்த்தான். ஷிஃப்ட் மாறுகிறவர்கள் சோதனைக்குக் கையைத் தூக்கித் தூக்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

"கண்ணாடிக்குத் தூண்டில் வச்சாங்களே, அன்னிக்கு என்கிட்ட அந்தக் கத்து கத்தினியே. அதையேதான்டா நீ எங்களுக்கு வச்சிருக்கே."

என் பேஸ் மட்டும் தனியாக இருக்கும் பதிவை ஃபோனுக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கேட்டேன். டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, நான் மட்டும்.

இரண்டாவது சுற்றில் கட்டைவிரல் நகரும்போது உரசுகிற சத்தம். செங்கல் உரசாது. மூன்றாவதில் மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு தாமதம். அதுவும் நான்தான், அந்த இடத்தில் எப்போதும் தயங்குவேன். நான்காவதில் ஒட்டிய நோட்டு. தெரிந்து கேட்டால் தையல் தெரிகிறது.

மோதிர விரல் குழியைத் தேடினேன். முழுப் பாட்டும் தேடினேன். இல்லை. நான்தான் அதைத் தூர்த்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். நொண்டினால்தான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாவம்னு சொன்னானாம். பாவமா? யாரு கேட்டா அவன் பாவத்தை? என்கிட்ட நேரா, "டேய், தப்பா வாசிச்சிருக்கே, திரும்ப வாசி"ன்னு சொல்றதுக்கு என்ன? இடிகிட்ட அப்படித்தானே சொல்லுவான்?

ஆனாலும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போனேன். துரை கதவைத் திறந்து, "வா" என்றான்.

"தப்புதான்" என்றேன். "ஆனா நீயும் நேரா சொல்லியிருக்கணும்."

"ம்."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். நான்காவது சுற்றில் ஒட்டு இல்லை. என் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. பாட்டை அப்படியே வெளியே விட்டாயிற்றாம், வெள்ளிக்கிழமையே.

"இப்போ முழுக்க நீதான். ஒண்ணையும் தொடல."

அவன் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. இடி குச்சியால் நான்கு தட்டினான். வாசிக்க ஆரம்பித்தோம்.

மே 8

கண்ணாடியைப் பேருந்தில் பார்த்தேன். வேறொரு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். "பேண்ட் எப்படிப் போவுது?" என்றான். நல்லா போவுது என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

முதல் மேடை. சின்ன ஹால், கூட்டம் பரவாயில்லை. அக்கா முன்வரிசையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும், "தைச்சிட்டே போலிருக்கே" என்றாள்.

விரல் நன்றாக ஓடியது. நடுப்பகுதியில் கிட்டார் நின்றது. வெளிச்சம் என் மேல் விழுந்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. துரை கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான்காவது தொடங்கியதும் திரும்பி என் விரலைப் பார்த்தான்.

ஒத்திகையிலும் இப்படித்தான். எல்லா ஒத்திகையிலும். கேட்டில் நிற்கிறவன் பையைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். அப்படி இல்லை. அவனுக்கே தெரியாமல்தான் அந்தத் தலை திரும்புகிறது.

சரியான நோட்டைத்தான் வாசித்தேன். அவன் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.