வெறும் வாயுதான்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாயிருக்கிறது. ஃபோனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் மாடிப்படியில் சரிந்து விழுந்து செத்துப்போன காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தசைத் துணுக்குகளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நான் தினமும் பார்க்கிற அதே நோய். இதயத் தசையில் ஒரு செல்லை இன்னொரு செல்லோடு ஒட்டிவைக்கிற புரதம் அவனுக்குக் கெட்டுப் போயிருக்கிறது. ஒட்டு விட்டுப்போனால் துடிப்பு தாறுமாறாகும். நன்றாக இருக்கிறவன் நின்ற இடத்திலேயே விழுவான். இது பரம்பரையாக ரத்தத்தில் வருவது. நான் சோதித்துக்கொண்டேன், எனக்கு இல்லை. நீயோ பஸ் ஓட்டுகிறவன். ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிடு, கண்ணா.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

உனக்கு எதைப் பார்த்தாலும் வியாதி. மனுஷனை முழுசாக எங்கே பார்க்கிறாய், கண்ணாடியில் வைத்த துணுக்காகத்தானே பார்க்கிறாய்! டாக்டர் ஒரு வரி எழுதினால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். போன வாரம் பாலத்தில் ஏறும்போது நெஞ்சு படபடத்துக் கண் இருட்டியது, வெறும் வாயுதான். சோடா குடித்தேன், சரியாயிற்று. இந்தப் பேச்சை இத்தோடு விடு.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனும் வாயு என்றுதான் சொன்னான். அண்ணியும் சோடாதான் கொடுத்தாள்.

கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப் போய்விட்டேன். உன் டிப்போ மேலாளருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பாலத்தில் உன் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள். என்னைத் திட்டு, வாய் வலிக்கத் திட்டு. திட்டுவதற்கு நீ இருந்தால் போதும்.

அக்கா

மே 2

அக்காவுக்கு,

சாவியை வாங்கிக்கொண்டார்கள். நோயும் இருக்கிறதாம். துடிப்பு தப்பினால் மின்சாரத்தால் உதைத்துச் சரிசெய்ய நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இப்போது டிப்போவில், பயணிகள் விட்டுப்போன பொருள்களைக் காக்கிற அறையில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் குடைகளோடு குடித்தனம்.

நீ செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பிழைப்பில் மண்ணைப் போட்டாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் இரண்டு பேருக்கும் சோதனை. டாக்டர் பேசுகிற புரதமும் மண்ணாங்கட்டியும் எனக்குப் புரிவதில்லை. சின்னவள் ஊசியைப் பார்த்தால் ஊரைக் கூட்டுவாள்.

நீ வா. என்னோடு பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன். அவள் கையை மட்டும் பிடித்துக்கொள்.

தம்பி