அப்பா ஓங்கிய கை

14 ஆகஸ்ட் 1962, செவ்வாய்

கூட்டாளிகளோடு சிராங்கூன் ரோட்டில் சுற்றிவிட்டு இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். "எங்கடா போன?" என்று அப்பா பெல்ட்டை ஓங்கினார். யோசிக்காமல் அவர் கையைப் பிடித்துவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கை. உதறிப் பார்த்தார், முடியவில்லை. எனக்குத்தான் பலம் கூடுதல் என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பயந்துபோய் விட்டுவிட்டேன். அவர் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

சாப்பிடும்போது மீன் தலை எப்போதும் அப்பாவுக்குத்தான். இன்று அதை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"அவனுக்கு எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"வளந்துட்டான்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

மீன் தலையை நான் தொடவில்லை. இனிமேல் என்னைத் திட்டுவாரா? நான் வர நேரமானால் எங்கே போனாய் என்றாவது கேட்பாரா?

அடித்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.